அத்தை கையெழுத்துப் போட்ட வெற்றுப் பக்கங்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தை அவர்களுக்கு, உங்கள் தம்பி மகள் வணங்கி எழுதுவது.

முதலில் நலம் என்று எழுத வேண்டும் என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நலம் என்று எழுதிவிட்டால் அதற்குப் பிறகு எழுத ஒன்றும் மிஞ்சாது என்பதால் அதை விட்டுவிட்டேன். மாமாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அம்மா இன்னும் சித்தியின் பிரசவத்துக்குத் துணையாக ஊரிலேயே இருக்கிறாள். அப்பா தூங்குகிறார். நான் சலவைக்கூடத்தின் மாடியில், ஓட்டல் போர்வை மூட்டைகளுக்கு நடுவில், வெளிச்சம் கதவிடுக்கு வழியாக அப்பாவின் அறைக்குப் போகாதபடி விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். படித்ததும் நீங்கள் புறப்பட்டு வர வேண்டும். ஆனால் நான் எழுதித்தான் வந்தீர்கள் என்று அப்பாவுக்குத் தெரியக் கூடாது. கனவில் ஏதோ தோன்றியது என்று சொல்லிக்கொள்ளுங்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன் தலையணைக்கு அடியில் இருக்கிறது, தலையணையின் மேல் அப்பா இருக்கிறார். விடிவதற்கு முன் நம் வண்டி உங்கள் ஊர் ஓட்டலுக்குத் துணி ஏற்றிக்கொண்டு புறப்படும். டிரைவர் அண்ணன் போகிற வழியில் இதை உங்களிடம் கொடுப்பார். உறைக்குள் இருப்பது சமையல் குறிப்பு என்று அவரிடம் சொல்லப் போகிறேன். அவர் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லவும்.

நாளை மத்தியானம் தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் வருகிறார். யார் என்றைக்கு வேலைக்கு வந்தார்கள், எப்போது போனார்கள், எப்போது விடுமுறை கொடுத்தோம், யாருக்காவது அடிபட்டதா என்று எல்லாவற்றுக்கும் பதிவேடு காட்ட வேண்டும். நோட்டீஸ் எப்போதோ வந்துவிட்டது. மின்சார வாரியத்து விளம்பரம் என்று நினைத்து, அதன் பின்பக்கத்தில் அப்பா துண்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பின்பக்கம் நிரம்பியதும் எழுத இடம் தேடித் திருப்பியபோதுதான் முன்பக்கத்தைப் படித்தார். படித்துவிட்டு நின்றுகொண்டே ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார். அவர் நின்றுகொண்டு செய்கிற காரியங்கள் இரண்டுதான், ஒன்று இது, இன்னொன்று உங்களிடம் போனில் பேசுவது. அப்போதுதான் அவருக்கு இன்னொன்றும் உறைத்தது. சலவைக்கூடத்தின் உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணுக்கு முதலாளி நீங்கள்தான், அத்தை. அப்பா சும்மா.

நம்மிடம் பதிவேடே இல்லை என்று சொல்வது நியாயமில்லை. இருக்கிறது. உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு கம்பி கட்டியிருக்கிறதே, அதுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் துணிக் கிளிப் உண்டு. வந்ததும் கம்பியில் மாட்டுவார்கள், போகும்போது கழற்றி டப்பாவில் போடுவார்கள். கம்பியைப் பார்த்தால் யார் இருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நேற்று யார் இருந்தார்கள் என்று மட்டும் தெரியாது. எங்கள் பதிவேடு ஒவ்வொரு ராத்திரியும் தன்னைத்தானே துடைத்துக்கொண்டு தூங்கப் போய்விடும். மீதி எல்லாம் அப்பாவின் மனதில் இருக்கிறது. ஆய்வாளரிடம் மனதைக் காட்ட முடியாது.

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று போன வருடம் நீங்களே பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டு எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பாருங்கள். அப்பா கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு வருகைப் பதிவேடும், ஒரு விபத்துப் பதிவேடும், தொழிலாளர் சட்டம் பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்றும் வாங்கிவந்தார். பதிவேடுகளை என் முன்னால் வைத்து, கடந்த ஒரு வருடத்தை எழுது என்றார். வருடத்தை எப்படியப்பா எழுதுவது என்று கேட்டேன். எல்லாரும் எல்லா நாளும் வந்தார்கள் என்று எழுது, கேள்வி கேட்காதே என்றார். என் பள்ளிப் பேனாவால் எழுதினேன். அதன் வாலில் ஒரு ரப்பர் இருக்கும், தப்பாக எழுதினால் தேய்த்து அழித்துவிடலாம். பொய் எழுதும்போது அடிக்கடி தப்பு வரும் என்று முன்யோசனையாக அதை எடுத்தேன். இதுவரை என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே முன்யோசனை அதுதான், அது என்ன ஆயிற்று என்று கீழே வருகிறது.

முதல் பக்கத்தை இஸ்திரி அண்ணன் வாங்கிப் பார்த்தார். பெரிய இஸ்திரி மெஷினில் நிற்கிறாரே, உயரமாக, அவர்தான். பார்த்துவிட்டு, "எல்லாரும் எல்லா நாளும் வந்திருந்தா இது ஆளுங்க பேரு இல்ல பாப்பா, சுவத்துல அடிச்ச ஆணிங்க பேரு. மனுஷன்னா நடுவுல ஒரு காய்ச்சலாவது வரணும்" என்றார். அது நியாயமாகப் பட்டது. அப்பாவும் தலையாட்டினார். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு காய்ச்சல் கொடுத்தேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மடிக்கிற அக்கா மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் மகள் பள்ளிக்கூடத்து மேடையில் ஆடினாளாம், அன்றைக்கு விடுமுறை கேட்டும் கிடைக்கவில்லையாம், எப்படியும் இது கதைதானே, அந்த நாளை மட்டும் விடுமுறை என்று எழுதிவிடு பாப்பா என்றாள். எழுதினேன். அவள் அந்தக் கட்டத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இஸ்திரி அண்ணன் வந்து தன் தங்கை கல்யாணத்துக்கு ஒரு வாரம் கேட்டார். துவைக்கிற அண்ணன்கள் இரண்டு பேரும் வந்தார்கள். கிடைக்காமல் போன நாட்களை எல்லாம் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். நடுவில் நான் அந்தச் சட்டப் புத்தகத்தையும் படித்துவிட்டேன். வாரம் ஒரு நாள் ஓய்வு, வேலைக்கு நடுவில் இடைவேளை, கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி என்று அதில் இருப்பதை எல்லாம் பதிவேட்டில் சேர்த்தேன். ஒருநாள் டீ நேரத்தில் இஸ்திரி அண்ணன் அதைச் சத்தமாகப் படித்துக்காட்டிவிட்டு, "ரொம்ப நல்ல கம்பெனியா இருக்கே. ஆள் எடுக்கறாங்களா? நான் சேர்ந்துக்கலாமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "இப்படி வாரி வாரிக் குடுக்கறியே, என்ன இது உன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், எழுந்து போய்விட்டார்.

இப்போது உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், மேலே உள்ளவை அனைத்தும் சரிபார்க்கப்பட்டன, உரிமையாளர் என்று ஒரு கோடு இருக்கிறது. உங்கள் பழைய கடிதம் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு உங்கள் கையெழுத்தையும் நானே போட்டேன். அப்பாவின் பால்பாயிண்ட் பேனாவால் போட்டேன், முதலாளி ஒரு பேனா, கணக்கு எழுதுகிறவர் ஒரு பேனா என்று இருந்தால்தான் நம்புவார்களாம். உங்கள் கையெழுத்தில் கடைசியில் ஒரு சுழி வரும் இல்லையா, அது எனக்கு உங்களைவிட நன்றாக வருகிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் எழுதி முடித்தேன். அப்பா பார்த்துவிட்டு, ரொம்பப் புதுசாக இருக்கிறதே, காகிதத்தைப் பார்த்தாலே நேற்றுப் பிறந்தது என்று தெரியுமே என்று கவலைப்பட்டார். சலவைக்கூடத்தில் எந்தக் கவலைக்கும் மருந்து ஒன்றுதான். பதிவேட்டை இரண்டு போர்வைகளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி மெஷினில் கொடுத்து அழுத்தினால் காகிதம் பழுப்பேறிப் பழசாகிவிடும் என்று அப்பாவுக்கும் இஸ்திரி அண்ணனுக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. மேல்தட்டை இறக்கினார்கள், ஆவி வந்தது, தட்டைத் தூக்கினார்கள். காகிதம் அழகாகப் பழுத்திருந்தது. எழுத்து இல்லை. நான் எழுதிய ஒரு எழுத்துகூட இல்லை, அத்தை. அந்தப் பேனா மை தேய்ப்பதால் அழிவதில்லையாம், தேய்க்கும்போது வருகிற சூட்டில்தான் அழிகிறதாம். எனக்கு எப்படித் தெரியும்? காய்ச்சல்கள் போயின, கல்யாணம் போயிற்று, மேடை நடனம் போயிற்று. ஆனால் பால்பாயிண்ட் மை சூட்டுக்கு அசையாது. அதனால் இப்போது நம் சலவைக்கூடத்தின் பதிவேட்டில் கடந்த ஒரு வருடம் முழுவதும் ஒன்றுமே நடக்கவில்லை, அந்த ஒன்றுமில்லாததை மாதாமாதம் சரிபார்த்து நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இஸ்திரி அண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "முதலாளியம்மா உண்மையைத்தான் கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்றார். அப்பா அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

என்னைப் பார்த்து, உட்கார்ந்து மறுபடி எழுது, நாளைக்கு மத்தியானத்துக்குள் முடிய வேண்டும் என்றார். பால்பாயிண்ட் பேனாவைக் கையில் கொடுத்தார். அதனால்தான் நான் இன்னும் தூங்கவில்லை. வருடத்தைக் கிட்டத்தட்ட எழுதி முடித்துவிட்டேன். போன மாதத்தில் ஒரு நாள் வந்ததும் நிறுத்திவிட்டேன். இதுவரை எழுதியது எல்லாம் சுற்றிவளைத்தது, அத்தை. இதைச் சொல்லத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

ரோலர் அக்காவுக்குக் கையில் சுடுதண்ணீர் பட்டுவிட்டது என்று அப்பா உங்களிடம் போனில் சொன்னார். அது சுடுதண்ணீர் இல்லை. போர்வைகளை உலர்த்தி நீவுகிற ரோலர், அந்தப் பெரிய சூட்டு உருளை இருக்கிறதே, அதற்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை அதில் பட்டால் உருளை தானாக நின்றுவிடும். போர்வையின் கெட்டியான விளிம்பு வந்தாலும் நின்றுவிடும். ஓட்டலில் ஏதோ மாநாடு என்று அவசரமாகத் துணி கேட்டார்கள், கம்பியோ நிமிடத்துக்கு ஒருதரம் நிறுத்திக்கொண்டே இருந்தது. அதைப் போர்வைக் கிழிசல் ஒன்றால் மேலே இழுத்துக் கட்டிவிட்டார்கள். அன்று ராத்திரி அக்காவின் கை துணியோடு உள்ளே போனது. மருத்துவமனையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி ஆறிவிட்டன, பிரிப்பதற்கு அறுவைச் சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். வேலையில் இருக்கும்போது நடந்தது என்று வேலை இடத்துப் பதிவேட்டில் இருந்தால் காப்பீட்டில் செய்வார்கள், இல்லாவிட்டால் இல்லை. சீக்கிரம் செய்யாவிட்டால் விரல்கள் அப்படியே நின்றுவிடுமாம். அப்பா என்னை அந்த நாளில் அக்காவுக்கு விடுமுறை என்று எழுதச் சொன்னார். நானும் ஒருதரம் எழுதினேன். இஸ்திரி மெஷின் அதையும் சேர்த்துத்தான் அழித்தது. அழிந்தபோது எல்லாரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த ஒரு கட்டத்துக்காக மூச்சு வந்தது.

முந்தாநாள் பள்ளி விட்டதும் அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, மடிக்கிற அக்கா சொல்லியிருப்பாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்கப்பா சொல்றத நீ எழுதறே, உன்னை என்ன சொல்ல. ஆனா ஆஸ்பத்திரியில கேப்பாங்க இல்ல, லீவுல இருந்தியே எப்படிம்மா இப்படி ஆச்சுன்னு. நான் என்ன சொல்லட்டும்? எங்க வீட்ல ரோலர் இருக்குதுன்னா?" என்றாள். குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்பா கெட்டவர் இல்லை, அத்தை. அன்று ராத்திரி வண்டியில் அக்காவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது அவர்தான், விடியும் வரை மருத்துவமனை வாசலில் நின்றதும் அவர்தான். பயந்துபோயிருக்கிறார். உரிமம் போய்விடும், கூடத்தை மூடிவிடுவார்கள், இத்தனை பேரும் எங்கே போவார்கள் என்று தூக்கத்தில்கூடப் பேசுகிறார். ஆனால் அவர் பயப்படுவது இன்னொன்றுக்கும் சேர்த்து. அதை அவர் வாயால் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். அந்த உருளையின் மறுபக்கத்தில் வெளியே வருகிற போர்வையைப் பிடிக்க ஒரு ஆள் நிற்க வேண்டும். அம்மா ஊருக்குப் போனதிலிருந்து பள்ளி விட்டு வந்து அங்கே நிற்பது நான். அன்றும் நான்தான் நின்றேன். அக்கா கத்தியதும் சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தியது நான். என்ன நடந்தது என்று முழுவதும் பார்த்தவள் நான் ஒருத்திதான். அக்கா வேலைக்கு வந்தாள் என்று எழுதினால், யார் பார்த்தது என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு வாசல் கம்பியில் கிளிப் கிடையாது. நான் எழுதிய பதிவேட்டில் எல்லாருடைய பெயரும் இருக்கிறது, என் பெயர் இல்லை. சட்டப் புத்தகத்தில் என்னைப் பற்றியும் ஒரு பக்கம் இருக்கிறது. என் வயதுப் பிள்ளைகளை மெஷினில் வேலைக்கு நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் தண்டனை என்று. நான் உண்மையை எழுதினால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா? எழுதாவிட்டால் அக்காவின் விரல்கள்? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்துவிட்டேன், பேனா நகரவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். டிரைவர் அண்ணன் திரும்பும்போது அதே வண்டியில் வந்துவிடுங்கள். முன்சீட்டில் இடம் இருக்கும். வந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் எழுந்து நின்று கேட்பார். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாமாவுக்கு என் வணக்கங்கள். இத்தனை தப்பு செய்தவளுக்கும் மிச்சம் இருந்தால் உங்கள் ஆசியைத் தரவும்.

உங்கள் கையெழுத்தை உங்களைக் கேட்காமல் போட்ட,
தம்பி மகள்.

பி.கு.: அத்தை, அவசரமாக வர வேண்டாம். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று மேலே எழுதிய இடங்களை எல்லாம் அப்பா படித்துவிட்டார். தண்ணீர் குடிக்க எழுந்தவர், வருடம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார். நான் மூட்டைமேல் சாய்ந்து தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. கண் விழித்தபோது விளக்கடியில் உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தைக் கையில் வைத்திருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "அந்தக் கம்பியைக் கட்டினது நான்தான்னு உன் ரோலர் அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எல்லாருக்கும் தெரியும்ப்பா என்றேன். அத்தைக்கு மட்டும் கட்டிவிட்டார்கள் என்று பொதுவாக எழுதியிருக்கிறாயே என்றார்.

பிறகு வருகைப் பதிவேட்டை மூடி ஓரமாக வைத்தார். இது வேண்டாம், இல்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றார். விபத்துப் பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தார், அதில் இதுவரை யாரும் ஒன்றும் எழுதியதில்லை. என்னிடம் கொடுக்காமல் அவரே எழுதினார். அவர் கையெழுத்து மோசம், ஆனால் படிக்க முடிகிறது. அக்காவின் பெயர், உருளை, தடுப்புக் கம்பி கட்டப்பட்டிருந்தது, கட்டியது யார் என்பது வரை எழுதினார். இனிமேல் என்னப்பா ஆகும் என்று கேட்டேன். "தெரியல. ஆபீசர் வந்து சொல்லுவாரு. அப்புறம் உங்க அத்தை வந்து சொல்லுவா" என்றார். இந்தக் கடிதத்தையும் வண்டியில் அவரே கொடுக்கிறாராம், சமையல் குறிப்பு என்று சொல்ல வேண்டியதில்லையாம்.

நேரில் பார்த்தவர் என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே என் பெயரை எழுதினார். அதற்குப் பக்கத்தில் வயது என்று ஒரு சின்னக் கட்டம். பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "உனக்கு என்ன வயசு?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாமல் இல்லை. சொன்னேன். எழுதினார்.